ஹீற்றர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு: வோல்ற்று, அம்பியர், தடை, வலு

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. பின்பக்கத்து மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சுடுதண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனதால், ஒரு நாள் 3500 வாற்று ஷவர் ஹீற்றர் ஒன்றை வாங்கி வந்தேன். "கன்னியாவில ஏழு கிணறு கொதிச்சுக்கொண்டு கிடக்கு, இந்த வெயிலுக்க இவைக்குச் சுடுதண்ணியோ?" என்றார் அம்மா. அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். மூன்றாம் நாள் காலை குளியலறைக்கு வெளியே இருந்த பிளக் உருகி, பொயின்ற்றோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சோப்போடு நின்றது.

பிளக் விற்ற கடைக்காரர் ஹீற்றரைக் குறை சொன்னார். ஹீற்றர் விற்றவர் வயரிங்கைக் குறை சொன்னார். வயரிங் செய்தவர் கடல் காற்றைக் குறை சொன்னார். சாதாரண தரத்தில் படித்து மறந்த இரண்டு வரிக் கணக்கை ஹீற்றர் வாங்க முதலே போட்டிருந்தால், மூவரையும் தேடி அலைந்திருக்கத் தேவையில்லை. நீங்கள் அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கணக்குப் போடுவது உங்கள் வேலை. பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறந்து வயரில் கை வைப்பது அனுமதி பெற்ற மின் வேலையாளின் வேலை.

1. முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள்

கணக்குக்குத் தேவையான எண்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. ஒரு பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு இவற்றைத் தேடுங்கள்.

கேத்தல், அயன், ஹீற்றர், தண்ணீர் மோட்டர் ஒவ்வொன்றின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் லேபிளைக் கைபேசியில் படம் எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வருடம் போனால் எங்கள் உப்புக் காற்றில் அந்த எழுத்து மிஞ்சாது. கடைசி மூன்று மாத மின்பட்டியலை எடுத்து வையுங்கள். இணைப்பு ஒற்றைக் கட்டமா (சிங்கிள் பேஸ்) மூன்று கட்டமா (த்ரீ பேஸ்), எத்தனை அம்பியர் என்பதைப் பார்த்து எழுதுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கட்டம், 30 அம்பியர்தான். டி.பி. பெட்டியில் ஒவ்வொரு பிரேக்கரிலும் அச்சிட்டிருக்கும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்: 6, 10, 16, 20, 32. வயர் வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் அதிர்ஷ்டம். என்னிடம் இருக்கவில்லை. சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்று பார்க்க, பொயின்ற் ஒன்றைக் கழற்ற ஆள் பிடித்துக் கூலி கொடுக்க வேண்டி வந்தது.

2. நான்கு வரிகள் போதும்

தடை = வோல்ற்று ÷ அம்பியர்
வலு = வோல்ற்று × அம்பியர்
வலு = வோல்ற்று × வோல்ற்று ÷ தடை
வலு = அம்பியர் × அம்பியர் × தடை

கீழே உள்ள இரண்டும் மேலே உள்ள இரண்டையும் கலந்து பெற்றவை. மனப்பாடம் செய்யாமல், கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். தடைக்கு ஓம், வலுவுக்கு வாற்று. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று என்று கணக்கு. அது 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 244 வரை.

என் ஹீற்றருக்குப் போட்டுப் பார்ப்போம். 3500 ஐ 230 ஆல் பிரித்தால் 15.2 அம்பியர். நான் அதை மாட்டியது 13 அம்பியர் பிளக்கில். முழுக் கதையும் இவ்வளவுதான். ஒரு தரம் பிரித்துப் பார்க்காததற்கு ஒரு பிளக், ஒரு பொயின்ற், ஒரு விருந்தாளியின் அரைநாள் வாடகை போயிற்று.

"பிளக்குக்குள்ள 13 அம்பியர் பியூஸ் இருந்ததே, அது ஏன் எரியேல்லை?" என்று மச்சான் கேட்டார். 15 அம்பியருக்கு அந்தப் பியூஸ் எரியாது. கொஞ்சம் மிஞ்சிய ஓட்டத்தை அது நெடுநேரம் தாங்கிக்கொண்டு நிற்கும், சூடாகிக்கொண்டே. பியூஸ் போகவில்லை என்பதை வைத்துச் சுமை சரி என்று நினைக்க வேண்டாம்.

3. லேபிளிலிருந்து தடையை எடுப்பது

கேத்தல் லேபிளில் "220–240 வோல்ற்று, 1850–2200 வாற்று" என்று இருக்கும். எதை எடுப்பது என்று பலர் குழம்புகிறார்கள். நானும் நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துக் கணக்குப் போட்டேன். சரியான வழி சின்ன எண்ணைச் சின்ன எண்ணோடு சேர்ப்பது, பெரியதைப் பெரியதோடு சேர்ப்பது.

220 × 220 ÷ 1850 = 26.2 ஓம். 240 × 240 ÷ 2200 = 26.2 ஓம்.

இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஒரே கம்பிச்சுருள், அதன் தடை மாறாது. வோல்ற்று மாறும்போது வலு மாறுகிறது, அதைத்தான் லேபிள் இரண்டு முனையாகச் சொல்கிறது. இனி 230 வோல்ற்றில் என்ன என்று கேட்டால், 230 × 230 ÷ 26.2, ஏறத்தாழ 2020 வாற்று.

வோல்ற்று இரு தடவை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். வோல்ற்று பத்து வீதம் குறைந்தால் கேத்தலின் வலு பத்தொன்பது வீதம் குறையும். "கேத்தல் பழுதாப்போச்சு, தண்ணி கொதிக்க நேரமெடுக்குது" என்று பின்னேரங்களில் வரும் முறைப்பாட்டில் பாதி கேத்தலின் பிழை அல்ல.

4. மல்ரிமீற்றரால் அளப்பது

சில ஆயிரம் ரூபாய்க்குள் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று கிடைக்கும். வீட்டுக் கணக்குக்கு அது போதும். ஆனால் அதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தால் மீற்றர் மட்டும் போகாது.

தடை அளக்கும்போது பொருளின் பிளக் வெளியே, உங்கள் கையில் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். கேத்தல் பிளக்கின் கீழே உள்ள இரண்டு முனைகளிலும் மீற்றரின் இரண்டு கம்பிகளையும் வைத்து, கேத்தல் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் 26 ஐ ஒட்டி எண் வரும். அதற்கு முன் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 அல்லது 0.4 என்று காட்டும். அது கம்பிகளின் சொந்தத் தடை, கழித்துவிடுங்கள். மீற்றர் ஓ.எல். (அளக்க முடியாத அளவு தடை) என்று காட்டினால் முதலில் பிளக்கின் பியூஸைப் பாருங்கள், அது சரி என்றால் சுருள் அறுந்திருக்கலாம். திருத்தக் கொடுக்கும் முன்னே தெரிந்துகொள்வது நல்லது, கடையில் பேரம் பேச உதவும். மூன்றாவது முனையான ஏர்த்துக்கும் மற்ற இரண்டில் ஒன்றுக்கும் இடையே ஏதாவது எண் காட்டினால் அந்தக் கேத்தலைத் தொடவே வேண்டாம்.

அம்பியர் அளப்பதில்தான் ஆபத்து. மீற்றரின் கம்பியை 10 அம்பியர் துளைக்குள் செருகி, அப்படியே பிளக் பொயின்ற்றுக்குள் வைத்தால், மின்சாரம் வரும் பேஸையும் திரும்பிப் போகும் நியூட்ரலையும் ஒரு கம்பியால் நேரே இணைத்ததற்குச் சமம். மலிவு மீற்றர்களில் அந்தத் துளைக்குப் பியூஸ் கூட இருக்காது. கையில் வெடிக்கும். அம்பியர் தெரிய வேண்டுமானால் வயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீற்றரோடு வருபவரை அழைத்து, டி.பி. பெட்டியில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் பேஸ் வயரை மட்டும் கவ்வ வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் போகிற ஓட்டமும் வருகிற ஓட்டமும் கழிந்து பூச்சியம் காட்டும். என் வீட்டுக்கு முதலில் வந்தவர் அப்படித்தான் பிடித்து, "ஒண்டும் இழுக்கேல்லை அண்ணை" என்று சொல்லிவிட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு போனார்.

5. செலவில்லாத வழி: மீற்றரில் கண் சிமிட்டும் சிவப்பு விளக்கு

எனக்குப் பிடித்த பகுதி இது. ஒரு சதமும் தேவையில்லை, எதையும் தொடவும் தேவையில்லை.

டிஜிட்டல் மின்மீற்றரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். அதன் அருகே ஒரு யூனிற்றுக்கு, அதாவது ஒரு கிலோவாற்று மணிக்கு, எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். என்னுடையதில் 1600. உங்களுடையதில் வேறாக இருக்கலாம், பார்த்து எழுதுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியையும் மறக்காமல், கேத்தலை மட்டும் நிறையத் தண்ணீர் வைத்துப் போடுங்கள். ஒருவர் கைபேசியில் நேரத்தைப் பிடிக்க, மற்றவர் சிமிட்டலை எண்ண வேண்டும். முதல் சிமிட்டலைப் "பூச்சியம்" என்று தொடங்க வேண்டும், "ஒன்று" என்று தொடங்கினால் கணக்குப் பிழைக்கும். கணக்கு இது:

வலு = 36,00,000 × சிமிட்டல் ÷ (அச்சிட்ட எண் × செக்கன்)

1600 உள்ள மீற்றருக்கு இது சுருங்கி, 2250 × சிமிட்டல் ÷ செக்கன் என்று ஆகும். காலையில் எண்ணியபோது 40 சிமிட்டலுக்கு 45 செக்கன் போனது. 2250 × 40 ÷ 45 = 2000 வாற்று. அன்று இரவு 7 மணிக்கு அதே கேத்தல், அதே 40 சிமிட்டல், ஆனால் 50 செக்கன். 1800 வாற்று.

தடை 26.2 என்று ஏற்கனவே தெரியும். வலுவையும் தடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ற்று வந்துவிடும். காலையில் 229, இரவில் 217. ஒழுங்கை முழுவதும் சமைக்கிற, அயன் பண்ணுகிற நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் வோல்ற்று விதியின் கீழ் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தேன், இரண்டு வோல்ற்று வித்தியாசத்தில் அதையே காட்டியது. அதற்கும் கீழே போனால் மின்சார அலுவலகத்தில் முறையிடலாம். அப்போது "கரண்ட் டிம்மா இருக்கு" என்று போகாமல், திகதி, நேரம், வோல்ற்று என்று ஒரு வாரக் குறிப்போடு போங்கள்.

6. வயரும் ஒரு தடைதான்

பொயின்ற்றைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே வந்திருந்தது 1/1.13 வயர், அதாவது 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி. விளக்குகளுக்குப் போடும், 1 சதுர மில்லிமீற்றர் வயர். டி.பி. பெட்டியிலிருந்து குளியலறை வரை 25 மீற்றர். அதைக் காத்துக்கொண்டிருந்ததோ 20 அம்பியர் பிரேக்கர். வயர் தாங்கும் அளவுக்கு மேலே பிரேக்கர் இருந்தால், வயர் எரிந்து முடிந்த பிறகுதான் பிரேக்கர் விழும்.

1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 18 ஓம். 25 மீற்றர் தூரம் என்றால் வயர் 50 மீற்றர், போக ஒன்று, வர ஒன்று. இதை மறப்பவர்கள் அதிகம். 50 மீற்றருக்கு 0.9 ஓம். ஹீற்றரின் தடை 230 × 230 ÷ 3500 = 15.1 ஓம். இரண்டும் சேர்ந்து 16 ஓம். ஓட்டம் 230 ÷ 16 = 14.4 அம்பியர். வயரில் மட்டும் வீணாவது 14.4 × 14.4 × 0.9 = 187 வாற்று. சுவருக்குள் இரண்டு மூன்று பழைய குண்டு பல்ப் எரிகிற சூடு அது. ஹீற்றருக்குப் போய்ச் சேர்ந்தது 217 வோல்ற்றுதான்.

இதே தூரத்துக்கு 7/0.85 வயர், அதாவது 4 சதுர மில்லிமீற்றர், போட்டால் தடை 0.23 ஓம். வீணாவது 52 வாற்று, இழக்கும் வோல்ற்று மூன்றரை. இப்போது அதுதான் போட்டிருக்கிறது, 20 அம்பியர் பிரேக்கரோடு, பிளக் இல்லாமல் நேரே, பேஸ் நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இரட்டைமுனைச் சுவிட்சுக்கு. கடையில் "7/0.67 காணும்" என்றார்கள். 13 அம்பியர் பொயின்ற்றுகளுக்குப் போடுகிற வயர் அது, 2.5 சதுர மில்லிமீற்றர். கிட்ட உள்ள ஹீற்றருக்கு அது காணும் என்று உங்கள் மின் வேலையாள் கணக்குக் காட்டினால் போடுங்கள். 25 மீற்றருக்கு நான் போடமாட்டேன்.

பிளக் ஏன் உருகியது என்பதும் இதே கணக்குத்தான். கடலுக்கு இருநூறு மீற்றருக்குள் இருக்கும் வீடுகளில் பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும். அந்தப் பூப்பு ஒரு தடை. 0.2 ஓம் என்று வையுங்கள். 14.4 அம்பியரில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 41 வாற்று. சோல்டரிங் அயன் ஒன்றின் சூட்டைப் பிளக்குக்குள் வைத்து மூடியதற்குச் சமம். பிளக் கை வைக்க முடியாமல் சுட்டாலோ, நிறம் மாறினாலோ, மீன் நாற்றம் போல ஒரு மணம் வந்தாலோ அன்றே கழற்றுங்கள். மீன் மணத்தை எங்கள் ஊரில் யாரும் சந்தேகிப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

7. கணக்குப் பொய்க்கும் இடங்கள்

மேலே சொன்னதெல்லாம் சூடாக்கும் பொருட்களுக்கு. கிணற்று மோட்டரின் சுருளை அளந்தேன், 4 ஓம். 230 ÷ 4 = 57.5 அம்பியர். பயந்துபோனேன். ஓடும் மோட்டர் அவ்வளவு இழுக்காது. ஆடலோட்ட மின்சாரத்தில் சுருளின் காந்த விளைவும், சுழலும் மோட்டரின் எதிர்ப்பும் சேர்ந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மோட்டருக்கு லேபிளில் உள்ள அம்பியரையே எடுங்கள். தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் சேர்த்து வையுங்கள். இன்னொன்று: மோட்டர் லேபிளில் 1 குதிரைவலு என்று இருந்தால் 746 வாற்று என்பது அது வெளியே தரும் வேலை. மின்சாரத்திலிருந்து எடுப்பது அதைவிட அதிகம்.

குண்டு பல்ப்பைக் குளிர்ந்த நிலையில் அளந்தால், எரியும்போது உள்ள தடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காட்டும். எல்.ஈ.டி. பல்ப்பை அளக்கவே வேண்டாம்.

8. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்

பிரேக்கர் விழுவதும் ட்ரிப் சுவிட்ச் விழுவதும் ஒன்றல்ல. பிரேக்கர் விழுவது சுமை கூடியதால், அல்லது ஷோர்ட் ஆனதால். ட்ரிப் சுவிட்ச் விழுவது மின்சாரம் ஏர்த் பக்கம் கசிவதால். வீடுகளில் அது 30 மில்லி அம்பியருக்குள் விழ வேண்டும். 230 ÷ 0.03 = 7700 ஓம். எங்கோ ஒரு இடத்தில் பேஸ் வயருக்கும் ஏர்த்துக்கும் இடையிலான தடை இந்த அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். நவம்பர், டிசம்பர் மழையில் வெளிச்சுவர் பொயின்ற்றுகள் இப்படித்தான் ஆகும். ஹீற்றரைக் குறைத்தாலும் அது நிற்காது, ஈரத்தைத் தேட வேண்டும். இதை மல்ரிமீற்றரால் சரியாகப் பார்க்க முடியாது. 500 வோல்ற்று கொடுத்து அளக்கும் மெகர் வேண்டும். விழுகிற சுவிட்சை எடுத்துவிட்டு நேரே இணைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

9. மொத்தச் சுமை, செலவு, விண்ணப்பிக்கும் காலம்

மூன்று அறைக்கும் ஹீற்றர் போட்டால் 10,500 வாற்று, 46 அம்பியர். 30 அம்பியர் இணைப்பு தருவது 6900 வாற்றுதான். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடாது என்று சொல்லலாம். ஆனால் காலை சுற்றுலாவுக்கு வாகனம் வரும் நாளில் மூன்று அறையும் ஆறரை மணிக்குத்தான் குளிக்கும்.

செலவைக் கணக்கிடுவது எளிது. 3.5 கிலோவாற்று, பத்து நிமிடக் குளியல், 0.58 யூனிற். நாளுக்கு ஆறு குளியல் என்றால் மாதம் 105 யூனிற். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு விலை. ஆகவே 105 யூனிற்றைச் சராசரி விலையால் பெருக்காமல், உங்கள் பட்டியலின் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள். அறை வாடகை போன்ற தொழிலுக்குக் கட்டண வகையே வேறு என்பதையும் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அவர்கள் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்று கட்ட இணைப்புக்கு மாற விரும்பினால் கையில் கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, கணக்கு இலக்கம் உள்ள கடைசிப் பட்டியல், காணி உறுதி அல்லது வீட்டு உரிமையைக் காட்டும் ஆவணம், அனுமதி பெற்ற மின் வேலையாள் கையெழுத்திட்ட வயரிங் பரிசோதனை அறிக்கை, இவற்றோடு நீங்கள் எழுதிய சுமைப் பட்டியல். கடைசியை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலே கொடுத்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. மதிப்பீட்டைக் காகிதத்தில் வாங்கி, எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேட்டு அதிலேயே குறித்து வையுங்கள். பணம் கட்டிய பிறகும் கம்பி இழுக்க ஆள் வர வேண்டும். எங்கள் பக்கம் மே மாதம் ஆட்கள் வரத் தொடங்கினால் வயரிங்காரர்களைப் பிடிக்க முடியாது. சித்திரைக்கு முன்பே வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

நான் பங்குனி முடிவில்தான் ஓடினேன். இந்த வருடம் இரண்டு அறைக்கு ஹீற்றர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 30.4 அம்பியர். அதனால் ஒன்று ஓடும்போது மற்றது ஓடாதபடி ஒரு மாற்றுச் சுவிட்ச் போட்டிருக்கிறோம். மூன்றாவது அறைக்கு அம்மா விறகடுப்பில் தண்ணீர் வைத்து வாளியில் கொடுக்கிறார். அந்த அறைக்குத்தான் இப்போது கூடுதலாகக் கேட்டு வருகிறார்கள்.